வெள்ளீயப் பதக்கத்தில் ஓர் அரபு வாசகம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

அகிலங்களையெல்லாம் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரித்தாகுக! அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஆண்டு விழா மேடையில் இமாம் பேச எழுந்தால் தொழுகையைப் பற்றியோ ஸகாத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று நாம் ஒரு பழைய போர்ப் பதக்கத்தின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். அதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் பதக்கத்தின் விஷயத்தில் நாம் ஒருமுறை தவறாகத் தீர்ப்புச் சொன்னோம். தவறு செய்த இடத்தை மறைப்பதைவிட, அதைப் பிறருக்குப் பாடமாக்குவதே நமக்குக் கல்வி தந்த உஸ்தாதுமார்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்று கருதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு பெரியவர் தம் பேரனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பச்சைத் துணியில் சுற்றியிருந்த ஒரு பொருளைப் பிரித்து நம் உள்ளங்கையில் வைத்தார். கறுத்து மங்கிய, வட்டமான ஓர் உலோகத் துண்டு. ஐந்து செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். ஓரத்தில் துளையிட்டுக் கறுப்புக் கயிறு கோத்திருந்தார்கள். "ஹஜ்ரத், இது எங்கள் பட்டாளத்துத் தாதா காலத்துப் பொருள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் இதைக் கழுவிய தண்ணீரைக் கொடுப்போம். பிரசவ காலத்தில் பெண்களின் தலைமாட்டில் வைப்போம். இப்போது பழம்பொருள் வாங்குகிறவர் ஒருவர் வந்து விலை கேட்கிறார். அரபு எழுத்து இருக்கும் பொருளை விற்கலாமா?" என்று கேட்டார்.

நாம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒரு விலங்கின் மீது மற்றொரு விலங்கு பாய்ந்திருப்பது போன்ற உருவமும், அதற்கு மேலே ஒரு கொடியும், அக்கொடியில் தேய்ந்துபோன அரபு எழுத்துகளும் தென்பட்டன. சிரமப்பட்டு வாசித்தோம். 'அஸதுல்லாஹில் காலிப்' என்றிருந்தது. மிகைத்து வெற்றி கொள்ளும் அல்லாஹ்வின் சிங்கம் என்பது அதன் கருத்து. ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களைக் குறிக்கும் புகழ்ப்பெயர் அது. நமக்கு மெய்சிலிர்த்தது. "இது கண்ணியமான வாசகம். விற்க வேண்டாம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

மத்ரஸாவில் எட்டாண்டுகள் அரபு இலக்கணம் ஓதிய நாம் எழுத்தைச் சரியாகவே வாசித்தோம். அந்த எழுத்து எந்தக் கொடியின் மீது பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கத் தவறிவிட்டோம்.

ஓராண்டு கழித்து, மைசூர்ப் போர்களைப் பற்றிய ஒரு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதே வட்டம், அதே விலங்குகள், அதே வாசகம் தெளிவான படமாக நம் கண்ணில் பட்டன. படத்தின் கீழ் 'ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம், 1799' என்று அச்சிட்டிருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி, திப்பு சுல்தானை வீழ்த்திய போரில் பங்கேற்ற தன் படையினருக்கு வழங்கிய பதக்கம் அது. மேலே பாய்ந்திருக்கும் விலங்கு பிரிட்டனின் சிங்கம். கீழே மல்லாந்து கிடப்பது மைசூரின் புலி. அரபு வாசகத்தைத் தாங்கிய கொடியோ ஆங்கிலேயரின் யூனியன் கொடி!

அன்பிற்குரியவர்களே! அந்தப் போரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

நான்காம் மைசூர்ப் போர் 1799-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூண்டது. வெல்லெஸ்லி பிரபு அப்போது கவர்னர் ஜெனரல். ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் சென்னை மாகாணப் படை நம் வேலூரிலிருந்தே பிப்ரவரி மாதத்தில் மைசூரை நோக்கிப் புறப்பட்டது. ஹைதராபாத் நிஜாமின் படை அதனுடன் சேர்ந்துகொண்டது. பம்பாய்ப் படை மேற்கிலிருந்து வந்தது. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் காவிரி சூழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தை இப்படைகள் முற்றுகையிட்டன. ஒரு மாதம் பீரங்கிகள் முழங்கின. கோட்டையின் மேற்குப் புறத்தில் மதில் இடிந்து வழி உண்டாயிற்று. மே 4-ஆம் நாள், ஹிஜ்ரி 1213 துல்கஃதா மாதத்தின் இறுதி நாள்களில், பகல் ஒரு மணியளவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் காவிரியைக் கடந்து அந்த இடிபாட்டின் வழியே ஏறினார்கள். கோட்டைக்குள் இருப்போர் உச்சி வெயிலில் ஓய்ந்திருப்பார்கள் என்று கணித்தே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் ஜெனரல் பேர்ட். காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள புள்ளலூரில் 1780-இல் ஹைதர் அலீயின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டு, அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784 வரை விலங்கு பூண்டு கிடந்தவர் அவர். திப்பு சுல்தான் வாள் ஏந்திப் போரிட்டு, கோட்டை வாயில் ஒன்றின் அருகே ஷஹீதாக வீழ்ந்தார். அன்று இரவு தீப்பந்த வெளிச்சத்தில் பிணக்குவியலுக்கு இடையே அவருடைய உடலைக் கண்டெடுத்தார்கள். மறுநாள் தந்தை ஹைதர் அலீயின் அருகில் அவரை நல்லடக்கம் செய்தார்கள்.

இந்தப் பகல் நேரமும் பதக்கத்தில் இருக்கிறது. அதன் மறுபுறத்தில் கோட்டையின் மீது படைகள் பாயும் காட்சியும், வானத்தில் உச்சியில் நிற்கும் சூரியனும் பொறிக்கப்பட்டுள்ளன. கீழே பாரசீக எழுத்தில், ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை இறைவன் அளித்த கொடை என்னும் கருத்தில் ஒரு வாசகம். திப்பு தம் அரசுக்குச் சூட்டியிருந்த பெயரே 'ஸர்காரே குதாதாத்', அதாவது இறைவன் அளித்த அரசு என்பதாகும் என்பதை இங்கே நினைவிற் கொள்ளுங்கள்.

முன்புறத்து அரபு வாசகம் எங்கிருந்து வந்தது? அதுவும் திப்புவிடமிருந்தே வந்தது. ஹைதர் என்னும் சொல்லுக்கு அரபியில் சிங்கம் என்று பொருள். அதுவும் அலீ (ரலி) அவர்களின் பெயர்களில் ஒன்று. தந்தையின் பெயரிலேயே சிங்கம் இருந்தது. நம் நாட்டிலோ 'ஷேர்' என்னும் சொல் சிங்கத்தையும் புலியையும் சேர்த்தே குறித்து வழங்கியது. திப்பு புலியைத் தம் அரசின் சின்னமாகக் கொண்டார். அவருடைய படை உடைகளில் புலி வரிகள், அரியணையில் புலித் தலைகள், பீரங்கிகளில் புலி வாய்கள். 'அஸதுல்லாஹில் காலிப்' என்னும் எழுத்துகளை வளைத்தும் பின்னியும் ஒரு புலி முகமாகவே எழுதச் செய்து, ஆயுதங்களிலும் கொடிகளிலும் பொறித்தார். ஆக, கம்பெனியார் வெறுமனே ஓர் அரபு வாசகத்தைத் தேடி எடுக்கவில்லை. வீழ்த்தப்பட்டவரின் சொந்த வாசகத்தையே எடுத்து, அவருடைய புலியைக் கிழிக்கும் சிங்கத்தின் தலைக்கு மேல் பறக்கவிட்டார்கள். இறைவனின் வெற்றி இப்போது எங்கள் பக்கம் வந்துவிட்டது என்று, அரபும் பாரசீகமும் அறிந்தவர்களுக்குப் புரியும் மொழியிலேயே அறிவித்தார்கள். நாட்டைக் கைப்பற்றியது போலவே அதன் சொல்லையும் கைப்பற்றினார்கள்.

இனி அது எவ்வாறு செய்யப்பட்டது என்று பார்ப்போம். உருவத்தைச் செதுக்கியவர் கூச்லர் என்னும் கலைஞர். அடித்த இடம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரை ஒட்டிய சோஹோ நாணயச்சாலை. மாத்யூ போல்டன் என்பவருக்குச் சொந்தமான அந்தச் சாலையில் நீராவியால் இயங்கும் அச்சுப்பொறிகள் இருந்தன. 1803-இல் சென்னை மாகாணத்திற்கு இருபது காசு, பத்துக் காசுச் செப்பு நாணயங்களை அடித்து அனுப்பியதும் இதே சாலைதான்.

பதக்கம் ஐந்து வகை உலோகத்தில் அமைந்தது. தளபதிகளுக்கும் மிக உயர்ந்தோர்க்கும் பொன். அடுத்த நிலை அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி. கேப்டன்களுக்கும் இளநிலை அதிகாரிகளுக்கும் வெள்ளி. அவர்களுக்குக் கீழ்ப்பட்ட படைத்தலைவர்களுக்கு வெண்கலம். சாதாரணச் சிப்பாய்க்கு, அவன் வெள்ளையனாயினும் நம் நாட்டவனாயினும், வெள்ளீயம். சோஹோவில் பொன்னில் 30, முலாம் பூசிய வெள்ளியில் 185, வெள்ளியில் 850, வெண்கலத்தில் 5,000, வெள்ளீயத்தில் 45,000 அடிக்கப்பட்டன. கல்கத்தா நாணயச்சாலையில் பொன்னில் 83, வெள்ளியில் 2,786 அடிக்கப்பட்டன. கூட்டிப் பார்த்தால் ஐம்பத்து மூவாயிரத்து தொள்ளாயிரத்துச் சொச்சம். அதில் நூற்றுக்கு எண்பத்து மூன்று வெறும் வெள்ளீயம்.

இதற்கு முந்தைய மைசூர்ப் போருக்காக, 1791, 1792 ஆண்டுகளின் பணியை நினைவுகூரக் கம்பெனி வழங்கிய பதக்கத்தில் சாதாரணச் சிப்பாய்க்கும் சிறியதொரு வெள்ளி கிடைத்தது. அது இந்தியப் படையினருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதிலோ பிரிட்டிஷ் கொடியை ஏந்தி நிற்கும் ஒரு சிப்பாயின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. 1799-ஆம் ஆண்டின் பதக்கத்தில் சிப்பாயின் தனியுருவம் மறைந்தது. சிங்கமும் புலியும் வந்தன. சிப்பாய்க்குரிய உலோகமும் வெள்ளியிலிருந்து வெள்ளீயமாக இறங்கியது.

மற்றொன்றையும் கவனியுங்கள். பெற்றவரின் பெயர் எதுவும் பொறிக்கப்படாமலேயே இந்தப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. மாட்டிக்கொள்ள வளையமும் கிடையாது. பெற்றவர்கள் தாமாகவே துளையிட்டோ, வளையம் வைத்தோ அணிந்துகொண்டார்கள். பெரியவர் கொண்டுவந்த துண்டில் ஓரத்துத் துளை இருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். எனவே அந்த 'பட்டாளத்துத் தாதா' யார், அவர் பெயர் என்ன, அவர்தான் அதைப் பெற்றாரா, வேறொருவரிடமிருந்து அவர் கைக்கு வந்ததா என்று அந்த உலோகம் ஒருபோதும் சொல்லாது.

பெருமக்களே! இந்தப் பதக்கங்கள் போர் முடிந்த உடனேயே வழங்கப்பட்டுவிடவில்லை. 1808-ஆம் ஆண்டில்தான் படையினர் கைக்கு வந்தன. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை வேலூர்க் கோட்டையைப் பார்த்த எவரும் மறக்க மாட்டார்கள். திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் கம்பெனியார் வேலூர்க் கோட்டைக்குள் வைத்திருந்தார்கள். அக்குடும்பத்தாரின் அடக்கத்தலங்கள் இன்றும் வேலூரில் இருக்கின்றன. சென்னைப் படையின் சிப்பாய்கள் நெற்றிக் குறிகளை அழிக்க வேண்டும், தாடியைச் சீர்செய்ய வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் ஒருசேர மனம் புண்பட்டார்கள். 1806 ஜூலை 10-ஆம் நாள் அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் எழுச்சி வெடித்தது. சிப்பாய்கள் கோட்டை மீது மைசூரின் புலிக்கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை அன்றே எழுச்சியை அடக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார்கள். திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த எழுச்சியின் இருநூறாம் ஆண்டான 2006-இல் இந்திய அரசு நினைவு அஞ்சல் தலை வெளியிட்டது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, அதே சென்னைப் படைக்குச் சிங்கம் புலியைக் கிழிக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. வெள்ளைக்காரன் ஒருவனைப் புலி கடித்துக் குதறுவது போல் திப்பு செய்து வைத்திருந்த மரப்புலி, இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறதே, அதையும் கம்பெனியார் தங்கள் இலண்டன் மாளிகையில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது அதே 1808-இல்தான். அங்கே தோற்றவரின் புலி காட்சிப்பொருள் ஆயிற்று. இங்கே அதே புலி, அதைத் தோற்கடித்த ஏழைச் சிப்பாயின் மார்பில் ஈயத் துண்டாகத் தொங்கிற்று.

இதைக் கேட்டு, இது ஒரு மதத்தாருக்கும் மற்றொரு மதத்தாருக்கும் நடந்த போர் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். திப்புவை எதிர்த்து வந்த நிஜாமின் படையை நடத்தியவர் மீர் ஆலம். திப்புவின் அரசில் நிதியை நிர்வகித்தவர் பூர்ணய்யா. 1791-இல் மராட்டியப் படையால் சூறையாடப்பட்ட சிருங்கேரி மடத்திற்குப் பொருளுதவி அனுப்பியவர் திப்பு. அவருடைய ஆட்சியில் விவாதத்திற்குரிய செயல்களும் உண்டு. குடகிலும் மலபாரிலும் அவருடைய படையெடுப்புகளின் வடு இன்றும் பேசப்படுகிறது. நாம் அவரை மலக்காக ஆக்க வரவில்லை. கொடியில் எழுதப்பட்டிருக்கும் வாசகத்தை மட்டும் பார்த்து, அதன் கீழ் நிற்பவரை முடிவு செய்துவிடக் கூடாது என்பதையே சொல்கிறோம். அது கம்பெனியின் கொடிக்கும் பொருந்தும், சுல்தானின் கொடிக்கும் பொருந்தும், இன்று நம் தெருவில் கட்டப்படும் கொடிகளுக்கும் பொருந்தும்.

உண்மை தெரிந்த பின் நாம் வாளாவிருக்க முடியவில்லை. அந்தப் பெரியவரின் வீட்டைத் தேடிச் சென்றோம். நூலில் இருந்த படத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லி, அன்று நாம் ஆராயாமல் பேசிவிட்டோம் என்று வருத்தம் தெரிவித்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் எங்கள் தாதா சுல்தானை எதிர்த்துப் போனவரா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். "அவர் அப்படையில் இருந்திருந்தால், ஆம்" என்றோம். "எத்தனை பிள்ளைகளுக்கு இதைக் கழுவிக் கொடுத்திருக்கிறோம்!" என்று அவருடைய வீட்டார் கலங்கினார்கள். பேரன், "ஏரியில் எறிந்துவிடட்டுமா?" என்றான்.

அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம்.

முதலாவதாக, சென்றுபோனவர்கள் செய்தது அவர்களைச் சாரும். அதைப் பற்றி நாம் விசாரிக்கப்பட மாட்டோம் என்பது நம் மார்க்கத்தின் தெளிவான பாடம். மாதச் சம்பளத்திற்காகத் துப்பாக்கி ஏந்திய ஓர் ஏழை, வீட்டில் பசித்திருந்த பிள்ளைகளை நினைத்தாரா, வேறு எதையேனும் நினைத்தாரா என்பதை உள்ளங்களை அறிந்தவனே அறிவான். அவருக்காக வெட்கப்படவும் வேண்டாம், அவரை வீரராக்கிப் பெருமை பேசவும் வேண்டாம். அவருக்காக துஆச் செய்யுங்கள். அதுவே பேரப்பிள்ளைகளின் கடமை.

இரண்டாவதாக, அதைக் கழுவிய தண்ணீரை இனி எவருக்கும் கொடுக்க வேண்டாம். நோய் தீர்ப்பவன் அல்லாஹ். மருத்துவரிடம் செல்வது நபிவழி. பழைய ஈய உலோகத்தைக் கழுவிக் குழந்தைக்குப் புகட்டுவது உடலுக்கும் ஆகாது. அரபு எழுத்து இருப்பதால் மட்டும் ஒரு பொருள் பரக்கத்தாகிவிடாது.

மூன்றாவதாக, எறியவும் வேண்டாம். எறிந்துவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடாது. அறிந்துகொள்வதற்கான அடையாளம் ஒன்று குறையும், அவ்வளவே. விற்பதா வைத்துக்கொள்வதா என்பது அவர்கள் உரிமை. வைத்துக்கொண்டால், அது என்னவென்று ஒரு தாளில் எழுதி உடன் வைக்கச் சொன்னோம். பேரனிடமே எழுதச் சொன்னோம். அவன் எழுதினான். இன்று அது ஒரு கண்ணாடிப் பெட்டியில், அவன் கையெழுத்துத் தாளுடன் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. தலைமாட்டிலிருந்து கூடத்திற்கு வந்திருக்கிறது.

இறுதியாக ஜமாஅத்தார் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் பரண்களிலும் இத்தகைய பொருள்கள் இருக்கலாம். பழைய நிக்காஹ் ஏடுகள், வக்ஃபுப் பத்திரங்கள், கப்பல் சீட்டுகள், பட்டாளத்துக் காகிதங்கள் என எதுவாயினும், பழம்பொருள் வியாபாரிக்கோ கரையானுக்கோ கொடுப்பதற்கு முன் ஒருமுறை மத்ரஸாவுக்குக் கொண்டு வாருங்கள். அதன் நகலை எடுத்து வைத்துக்கொண்டு அசலை உங்களிடமே திருப்பித் தருவோம். பெரியவர்கள் அதன் கதையைச் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். நாமும் இம்முறை அவசரப்படாமல், முன்புறம் பின்புறம் இரண்டையும் பார்த்த பிறகே வாய் திறப்போம்.

அரபு எழுத்தை வாசிக்கத் தெரிந்துவிட்டால் போதும் என்று நாம் எண்ணியிருந்த காலம் உண்டு. எழுதியவன் யார், எதற்காக எழுதினான், யாருடைய மார்பில் அதைத் தொங்கவிட்டான் என்று கேட்கத் தெரிவதும் கல்விதான் என்பதை ஒரு வெள்ளீயத் துண்டு நமக்குக் கற்பித்தது. நம் பிள்ளைகளுக்கு இவ்விரு கல்வியையும் அளிக்க எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்கும் இந்த ஜமாஅத்துக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.